வீட்டுக் கராஜில் ஒரு இரண்டிருக்கை வண்டி



யூன் மாதம் வந்தால் இந்த நேரத்தில் நான் வரிப் படிவம் பற்றித்தான் பேசுவது வழக்கம். எந்தச் செலவைக் கழிக்கலாம், எந்தப் பற்றுச்சீட்டைக் கவனமாக வைத்திருக்க வேண்டும் என்று வருடா வருடம் கேட்டு உங்களுக்கும் அலுத்திருக்கும். இம்முறை அதை நிலையத்தில் உள்ள இன்னொரு நண்பரிடம் ஒப்படைத்துவிட்டேன். நான் பேச வந்தது எங்கள் வீட்டுக் கராஜில் கடந்த பத்து மாதமாக நடந்த ஒரு வேலையைப் பற்றி. இரண்டு பேர் அருகருகே இருந்து, மண் பாதையிலும் புல் வெளியிலும் ஓட்டக்கூடிய ஒரு சின்ன வண்டி. பிள்ளைகள் கோ-கார்ட் என்பார்கள். கடையில் வாங்கியதல்ல. இரும்புக் குழாயில் இருந்து தொடங்கிச் செய்தது.

செய்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் என் மகள், வயது 16. மற்றவர் என் அத்தான், அதாவது அக்காவின் கணவர், வயது 67. நான் கணக்கெழுதினேன், சாமான் ஏற்றி இறக்கினேன், தேத்தண்ணி கொடுத்தேன்.

அத்தானைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். ஊரில் அவருக்குச் சொந்தமாக ஒரு சின்னக் கராஜ் இருந்தது. 1990இல் இருந்து பொருளாதாரத் தடை இருந்த வருடங்களில் யாழ்ப்பாணத்தில் இருந்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. பெற்றோல் இல்லை, பற்றரி இல்லை. சில துளி பெற்றோலில் இயந்திரத்தைக் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினோம். சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி, டைனமோவில் செய்தி கேட்டோம். அந்த நாளில் மோட்டார் சைக்கிளையும் பழைய மொறிஸ் காரையும் மண்ணெண்ணெயில் ஓட வைத்த கைகளில் அத்தானின் கையும் ஒன்று. 1998இல் இங்கே மெல்பேர்ணுக்கு வந்த பிறகு ஒரு கார்த் தொழிற்சாலையில் வெல்டிங் பகுதியில் 19 வருடம் வேலை செய்தார். 2017 ஒக்ரோபருடன் அவுஸ்திரேலியாவில் கார் உற்பத்தியே நின்றுபோனது உங்களுக்குத் தெரியும். அப்போது அவருக்கு 59 வயது. அதன் பிறகு வேறு வேலைக்குப் போகவில்லை. வீட்டில் கதையும் குறைந்துவிட்டது. விருந்துக்கு வந்தால் ஒரு மூலைக் கதிரையில் இருப்பார், சாப்பிடுவார், போவார்.

மகள் போன வருடம் ஒரு கொப்பித் தாளில் இந்த வண்டியின் படத்தைக் கீறி அவர் முன்னால் வைத்தாள். "மாமா, இது சரியா வருமா?" என்று கேட்டாள். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். பிறகு ஒரே ஒரு சொல் சொன்னார்: "பிரளும்."

அங்கேதான் எல்லாம் தொடங்கியது. ஏன் பிரளும் என்று அவள் விடாமல் கேட்டாள். அவர் பென்சிலை வாங்கிக் காட்டினார். அவள் கீறிய படத்தில் இடது சில்லுக்கும் வலது சில்லுக்கும் இடையில் 900 மில்லிமீற்றர். இருக்கைகள் உயரமாக இருந்ததால், ஆட்கள் இருக்கும்போது வண்டியின் பாரமையம் நிலத்தில் இருந்து ஏறக்குறைய 600 மில்லிமீற்றர். சில்லிடைத் தூரத்தில் பாதியைப் பாரமைய உயரத்தால் பிரித்துப் பாருங்கள். 450ஐ 600ஆல் பிரித்தால் 0.75. சாதாரணக் கார்களுக்கு இந்த எண் 1.3, 1.4 என்று வரும். எண் குறையக் குறைய வளைவில் வண்டி சறுக்குவதற்கு முன்னே சாய்ந்து பிரண்டுவிடும். ஆகவே இடைத்தூரத்தை 1,200 ஆக்கினார்கள், இருக்கைகளைத் தரையோடு தரையாக இறக்கினார்கள். பாரமையம் 480க்கு வந்தது. 600ஐ 480ஆல் பிரித்தால் 1.25. இன்னும் அகலமாக்கலாமே என்று நான் கேட்டேன். அகலமாக்கினால் எங்களிடம் உள்ள ஏழுக்கு ஐந்து அடி ரெயிலரில் ஏறாது என்றாள் மகள். ரயரின் அகலத்தையும் சேர்த்தால் வண்டி 1,400 மில்லிமீற்றர், ரெயிலரின் அகலம் ஏறக்குறைய 1,500. சரி என்று விட்டுவிட்டேன்.

இந்த வண்டிகளின் கதை அவ்வளவு பழையதல்ல. 1956இல் கலிபோர்னியாவில் ஆர்ட் இங்கெல்ஸ் என்பவர் முதலாவது கோ-கார்ட்டைச் செய்தார். அவர் பந்தயக் கார் செய்யும் நிறுவனமொன்றில் வேலை செய்தவர். விலைபோகாமல் கிடந்த புல்வெட்டி இயந்திரம் ஒன்றை எடுத்து இரும்புக் குழாய்ச் சட்டத்தில் பூட்டினார். அதுவும் ஒரு வீட்டுக் கராஜ் வேலைதான். ஆனால் அது மட்டமான தார் நிலத்தில் ஓடுவதற்கு. பள்ளம் மேடு, கல்லு மண் என்று ஓடுவதற்கு உயரமான சில்லும், அசைந்து கொடுக்கும் பின்பகுதியும், தலைக்கு மேலே கூடும் வேண்டும்.

முதலில் கராஜ் நிலத்தில் சோக்கால் வண்டியை முழு அளவில் கீறினார்கள். கதிரையின் மெத்தைகளைக் கீறிய இடத்தில் போட்டு இருவரும் இருந்தார்கள். முழங்கால் எங்கே வருகிறது, கால் எங்கே நீட்டுகிறது, ஸ்ரியரிங்கைப் பிடிக்கும்போது முழங்கை பக்கத்து ஆளை இடிக்கிறதா என்று பார்த்துப் பார்த்து அழித்து எழுதினார்கள். இரண்டு வாரம் என் காரை வெளியேதான் நிறுத்தினேன். கணினியில் அழகாகக் கீறலாம்தான், மகளுக்கும் அது தெரியும். ஆனால் சோக்கில் கீறினால் அக்கா வந்து "இவ்வளவு கிட்ட இருந்தால் இடுப்பு நோகாதோ" என்று கேட்கிறா, அதற்காக இருக்கை 60 மில்லிமீற்றர் விலகுகிறது.

இரும்புக்கு வருவோம். வெளிவிட்டம் 33.7 மில்லிமீற்றர், சுவர்த் தடிப்பு 2.6 மில்லிமீற்றர் உள்ள கறுப்புக் குழாய் எடுத்தோம். மீற்றருக்கு ஏறக்குறைய 2 கிலோ. இங்கே குழாய் 6.5 மீற்றர் நீளத்தில் வரும். நாலு நீளம் வாங்கினோம், 52 கிலோ. கடையில் வெள்ளிபோலப் பளபளக்கும் நாகம் பூசிய குழாயும் இருந்தது, துருப்பிடிக்காது, விலையும் பெரிய வித்தியாசமில்லை. அத்தான் அதைத் தொடவும் விடவில்லை. நாகம் பூசிய இரும்பை வெல்டிங் செய்தால் எழும் புகையைச் சுவாசித்தவர்களுக்கு அன்றிரவே காய்ச்சலும் நடுக்கமும் வரும். தொழில் தெரிந்தவர்கள் அந்தப் பூச்சைச் சுரண்டி எடுத்துவிட்டே ஒட்டுவார்கள். வீட்டில் வெல்டிங் பழக நினைக்கும் தம்பிமார், தங்கச்சிமார் இதை மட்டுமாவது குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

குழாயை வளைப்பது எனக்குப் பெரிய அதிசயமாக இருந்தது. மலிவாக விற்கும் வளைப்பானில் வைத்து அமுக்கினால் வளைவின் உட்பக்கம் நெளிந்து மடிந்துவிடும். மடிந்த குழாய் தலைக்கு மேலே கூடாக நிற்கக் கூடாது. அத்தான் ஊரில் செய்த மாதிரி மணலை எடுத்து, பழைய தாச்சியில் போட்டு, ஈரம் முழுக்கப் போகும்வரை வறுத்தார். அதைக் குழாய்க்குள் தட்டித் தட்டி நிரப்பி, இரண்டு முனையையும் மரக்கட்டையால் இறுக்கி அடைத்துவிட்டுத்தான் வளைத்தார். உள்ளே மணல் இருப்பதால் குழாய் நெளிய இடமில்லை. ஈரம் இருந்தால், சூடு காட்டும்போது நீராவி அடைப்பைத் துப்பாக்கிக் குண்டு மாதிரி வெளியே எறிந்துவிடும் என்றார். மணல் வறுப்பதைப் பார்த்த பக்கத்து வீட்டு இத்தாலியக் கிழவர் வேலிக்கு மேலால் எட்டி, நீங்கள் என்ன சமைக்கிறீர்கள் என்று கேட்டார்.

வெல்டிங் முழுவதையும் அத்தானே செய்திருக்கலாம். ஒரு கிழமையில் முடிந்திருக்கும். அவர் செய்யவில்லை. முதல் மூன்று மாதம் மகளுக்குக் கழிவுத் துண்டுகள்தான். 2.6 மில்லிமீற்றர்க் கம்பி, முகமூடி, தோல் கையுறை, பருத்திச் சட்டை. வெல்டிங் வெளிச்சத்தை வெறும் கண்ணால் பார்த்தால் அன்றிரவு கண்ணுக்குள் மணல் போட்டதுபோல அறுக்கும். ஆகவே நாயைக்கூட கராஜுக்குள் விடவில்லை. அவள் ஒட்டிய ஒவ்வொரு துண்டையும் அவர் குறட்டில் இறுக்கிச் சம்மட்டியால் அடிப்பார். ஒட்டு உடைந்தால் ஒன்றும் சொல்லமாட்டார், உடைந்த இரண்டையும் அவள் கையில் கொடுப்பார். குழாய் வளைந்து ஒட்டு உடையாமல் நின்றால் "ம்" என்பார். அந்த "ம்" முதல் முறை வந்த அன்று அவள் சாப்பிடாமல் வந்து எனக்குச் சொன்னாள்.

குழாயும் குழாயும் சந்திக்கும் இடத்தில் ஒன்றின் வாயைப் பிறைபோல வெட்ட வேண்டும், அப்போதுதான் மற்றதன் உருளையோடு இடைவெளி இல்லாமல் பொருந்தும். அதை அத்தான் கண்ணால் பார்த்தே அராவுவார். மகள் பள்ளிக்கூடத்தில் படித்த கோணக் கணக்கை வைத்து, கடதாசியில் வளைகோடு கீறி, குழாயில் சுற்றி, அதன்படி வெட்டினாள். இரண்டும் அச்சொட்டாக ஒரே மாதிரி வந்தது. "இது உனக்கு ஆர் சொல்லித் தந்தது?" என்று கேட்டார். "கணித ரீச்சர்" என்றாள். அன்று முதல் கடதாசி வெட்டும் வேலை அவளுடையது.

இனி நான் கொஞ்சம் பங்கெடுத்த இடத்துக்கு வருகிறேன். இயந்திரம் ஹொண்டா ஜீஎக்ஸ்200. நண்பர் ஒருவரின் பழுதான, தண்ணீர் அடித்துக் கழுவும் இயந்திரத்தில் இருந்து கழற்றியது. 196 சீசீ, 16 கிலோ பாரம், நிமிடத்துக்கு 3,600 சுற்று, முறுக்கு விசை 12.4 நியூட்டன் மீற்றர். அதை அப்படியே சில்லுக்குக் கொடுக்க முடியாது. இடையில் இரண்டு படி வைத்தோம். முதலாவது, பட்டி வழியாகத் தானாகவே கியர் மாறும் கப்பித் தொகுதி. ஸ்கூட்டர்களில் இருப்பதும் இதே வகைதான். மெதுவாகப் போகும்போது ஏறக்குறைய 2.7க்கு 1, வேகம் எடுத்த பிறகு 0.9க்கு 1. சாதாரண கார்ட்டில் வரும் கிளச்சை வைத்தால் இரண்டு பேரையும் ஏற்றி மேட்டில் ஏறும்போது எரிந்துபோகும் என்றார் அத்தான். இரண்டாவது, செயின். முன்னால் 10 பல், பின்னால் எத்தனை பல் என்பதுதான் வீட்டில் நடந்த பெரிய விவாதம். மகள் 60 கேட்டாள். அத்தான் 72 என்றார். காரணம் கேட்டால், "ஏறாது, பிள்ளை" என்பதோடு நிறுத்திவிட்டார்.

நான் ஒரு கணக்குப் புத்தகத் தாளை எடுத்து நடுவில் கோடு போட்டேன். நண்பரின் காணியில் உள்ள மேடு ஐந்துக்கு ஒன்று, அதாவது ஐந்து மீற்றர் போனால் ஒரு மீற்றர் உயரும். வண்டி 170 கிலோ, இரண்டு பேர் 140 கிலோ, மொத்தம் 310. அந்தச் சரிவில் அதை இழுத்து நிறுத்தவே ஏறக்குறைய 61 கிலோ இழுவை வேண்டும். இளகிய மண்ணில் சில்லு உருள்வதற்கு இன்னும் 15. ஆக 76. இது ஒரு பக்கம். மற்றப் பக்கம், சில்லின் விட்டம் 450 மில்லிமீற்றர். பட்டியிலும் செயினிலும் ஐந்தில் ஒரு பங்கு வீணாகும் என்று வைத்தால், 60 பல்லுக்குக் கிடைக்கும் இழுவை 73 கிலோ. 72 பல்லுக்கு 87 கிலோ. 73 போதாது, 87 போதும். வேகத்தைப் பார்த்தால் 60 பல்லில் மணிக்கு 57 கிலோமீற்றர், 72 பல்லில் 47. வேகப் பக்கத்தில் பற்று வைத்தால்தான் இழுவைப் பக்கத்தில் வரவு வரும். இயந்திரத்துக்கு வெளியே இருந்து ஒரு சதமும் வராது. மகள் தாளைப் பார்த்துவிட்டு 72 பல்லுக்கு ஓடர் கொடுத்தாள். அத்தான் தாளைப் பார்க்கவே இல்லை, தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு இருந்தார்.

இயந்திரத்தின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரைக் கழற்றிவிட்டால் இன்னும் ஓடும் என்று பொடியன்கள் சொல்வார்கள். கழற்ற வேண்டாம். 3,600 சுற்றுக்கென்று செய்த இயந்திரம் அதற்கு மேல் போனால் உள்ளே தண்டு உடையலாம், பறக்கும் சில்லு சிதறலாம். அது இருப்பது உங்கள் முதுகுக்குப் பின்னால்.

ஸ்ரியரிங்கில் ஒரு நுட்பம் இருக்கிறது. வண்டி திரும்பும்போது உள்பக்கச் சில்லு சின்ன வட்டத்திலும் வெளிப்பக்கச் சில்லு பெரிய வட்டத்திலும் போகிறது. ஆகவே இரண்டும் ஒரே கோணத்தில் திரும்பினால் ஒன்று மண்ணைச் சுரண்டிக்கொண்டு போகும். எங்கள் வண்டிக்கு முன் பின் அச்சுத் தூரம் 1,500 மில்லிமீற்றர், முன் சில்லுகள் திரும்பும் இரண்டு முளைகளுக்கும் இடையில் 1,000. 3 மீற்றர் ஆரையில் திரும்பும்போது உள்சில்லு 31 பாகை, வெளிச்சில்லு 23 பாகை திரும்ப வேண்டும். இதற்கு வழி, முன் சில்லுகளில் இருந்து வரும் இரண்டு சின்னக் கைகளையும் சாய்த்து வைப்பது. அவற்றின் கோட்டை நீட்டினால் பின் அச்சின் நடுவில் சந்திக்க வேண்டும். 1818இல் குதிரை வண்டிக்காக இங்கிலாந்தில் அக்கர்மான் என்பவர் பெயரில் காப்புரிமை பெற்ற முறை இது. அத்தான் இந்தப் பெயரைக் கேள்விப்பட்டதே இல்லை. ஆனால் நிலத்தில் நூல் பிடித்து அதே இடத்தில்தான் கைகளை வைத்தார்.

பின் அச்சு ஒரே துண்டு, இரண்டு சில்லும் சேர்ந்தே சுற்றும். தார் வீதியில் அது முரண்டுபிடிக்கும், மண்ணில் பரவாயில்லை. ஒரு சில்லை மட்டும் இயக்கினால் செலவு குறைவு. ஆனால் சேற்றில் அந்த ஒன்று சுழன்றுகொண்டே நிற்கும். பின்பகுதி முழுவதும் ஒரு கீலில் மேலும் கீழும் அசையும், இரண்டு பழைய மோட்டார் சைக்கிள் ஸ்பிரிங்குகள் தாங்கும். அந்தக் கீலும் செயின் தொடங்கும் தண்டும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு பள்ளத்திலும் செயின் இறுகித் தளரும், ஒரு நாள் கழன்றுவிடும். முன்னுக்கு ஸ்பிரிங் இல்லை. ரயரில் காற்றை 6 இறாத்தல் அளவில் வைத்தால் அதுவே மெத்தை.

இப்போது பெற்றோர் கவனிக்க வேண்டிய பகுதி. மணிக்கு 47 கிலோமீற்றர் என்றால் ஒரு வினாடிக்கு 13 மீற்றர். பிள்ளை ஆபத்தைக் கண்டு காலை மாற்ற ஒரு வினாடி, அதற்குள் 13 மீற்றர் போய்விடும். இளகிய மண்ணில் பிரேக் பிடித்து நிற்க இன்னும் ஒரு 21 மீற்றர். 34 மீற்றருக்குள் மரமோ வேலியோ இருந்தால் நிற்காது. அதனால் முதல் மாதங்களுக்கு அக்சிலேற்றர்ப் பெடலுக்குக் கீழே ஒரு நீள ஆணி பூட்டி, பாதிக்கு மேல் அமுக்க முடியாமல் செய்திருக்கிறார்கள். பெடலை மேலே இழுக்கும் ஸ்பிரிங் இரண்டு, ஒன்று அறுந்தாலும் மற்றது இழுக்கும். இயந்திரத்தை நிறுத்தும் சிவப்புப் பொத்தானும் இரண்டு, ஓட்டுபவர் பக்கம் ஒன்று, பக்கத்தில் இருப்பவர் பக்கம் ஒன்று.

செயினுக்கும் பட்டிக்கும் மேலே தகட்டுக் கூடு. பின் அச்சுக்கும் இருக்கைக்கும் இடையில் முழுத் தகடு. 2018 பெப்ரவரியில் ஹரியானாவின் பிஞ்சோரிலும் 2020 ஒக்ரோபரில் ஹைதராபாத்திலும், வாடகைக்கு விடும் கோ-கார்ட்டில் ஓடிய இளம் பெண்களின் தலைமுடி வண்டியில் சிக்கி உயிர் போனது. எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் நீளமான தலைமுடி, சால்வை, துப்பட்டா எல்லாம் இருக்கிறது. பின்னிக் கட்டி, சட்டைக்குள் விட்டு, ஹெல்மெட் போட்ட பிறகுதான் இருக்கையில் ஏறலாம்.

அடுத்தது தலைக்கு மேலே உள்ள கூடு. இந்த நாட்டில் பண்ணைகளில் ஓடும் நாலு சில்லு மோட்டார் சைக்கிள்கள் பிரண்டு ஆட்கள் இறந்ததால்தான், 2021 ஒக்ரோபரில் இருந்து புதிதாக விற்கும் பண்ணை வகைகளுக்குப் பின்னால் பாதுகாப்பு வளைவு இருக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. எங்கள் வண்டியில் ஓட்டுபவரின் ஹெல்மெட்டுக்கும் மேல் குழாய்க்கும் இடையில் ஒரு சாண் இடம் இருக்கிறது. பட்டி நாலு புள்ளியில் பூட்டுவது. கூடு இருந்து பட்டி இல்லாவிட்டால் அந்தக் கூடே தலையை உடைக்கும். இதோடு கையைக் கட்டும் சின்ன வார் ஒன்றும் இருக்கிறது. வண்டி சாயும்போது எவரும் தன்னை அறியாமல் கையை வெளியே ஊன்றப் பார்ப்பார்கள், கை கூட்டுக்கும் நிலத்துக்கும் நடுவில் அகப்படும். அந்த வார் கையை வெளியே போகவிடாது.

மகளுக்கு அந்த வார் பிடிக்கவில்லை. சின்னப் பிள்ளையைக் கட்டி வைப்பதுபோல இருக்கிறது, எந்தப் படத்திலும் இப்படி இல்லை என்று சண்டை பிடித்தாள். அத்தான் வெல்டிங்கை நிறுத்தினார். முகமூடியைக் கழற்றிவிட்டு ஒரு தகர வாளியைக் கவிழ்த்து அதில் இருந்தார். பிறகு அவளுக்குச் சொன்னதை நான் வாசலில் நின்று கேட்டேன். அதுவரை எங்களில் ஒருவருக்கும் அவர் சொல்லாத கதை.

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு, வலிகாமம் முழுவதும் எழும்பி நடந்த இரவு. அத்தான் தன் கராஜில் இருந்த லாண்ட்மாஸ்ரரில் ரெயிலரைக் கொழுவி, அயலில் நடக்க முடியாத கிழவர்களை ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். ரெயிலர் அவர் கையால் செய்தது. மழை. செம்மணி வீதியில் சனம் அசையவில்லை, ஒரு மணித்தியாலத்துக்குப் பத்து அடி. நாவற்குழிப் பாலத்துக்குக் கிட்ட, ஒரு பக்கச் சில்லு வீதிக் கரையில் இருந்து சறுக்கி ரெயிலர் சாய்ந்தது. வேகமே இல்லை, மெதுவாகத்தான் சாய்ந்தது. ஓரத்தில் இருந்த ஒரு ஆச்சி விழாமல் இருக்கக் கையை வெளியே ஊன்றினா. சனங்கள் சேர்ந்து ரெயிலரைத் தூக்கி நிமிர்த்தினார்கள். ஆச்சி உயிரோடு கொடிகாமம் வரை வந்தா. கை போய்விட்டது. "என்ரை வெல்டிங் ஒண்டும் விடேல்லை, பிள்ளை. ரெயிலருக்கு ஒரு கீறலும் இல்லை. நான் அதுக்குப் பக்கக் கம்பி போடேல்லை, அவ்வளவுதான்" என்றார்.

மகளுக்கு அந்தத் தமிழ் முழுவதும் விளங்கியதா என்று எனக்குச் சந்தேகம் இருந்தது. "ஊன்றினா" என்றால் என்ன என்று பிறகு என்னிடம் கேட்டாள். சொல்லிக் கொடுத்தேன். அடுத்த நாள் பள்ளியால் வந்து, தன் இருக்கைக்கும் பக்கத்து இருக்கைக்குமாக நாலு வாரையும் தானே தைத்தாள். அக்காவின் பழைய சிங்கர் மெஷினில், தடித்த நைலோன் நூலால்.

மார்ச் மாதத்தில் பாக்கஸ் மார்ஷ் பக்கம் நண்பர் ஒருவரின் காணியில் வெள்ளோட்டம் விட்டோம். எலுமிச்சம்பழம் ஒன்றைச் சில்லுக்குக் கீழே வைக்க வேண்டும் என்று அக்கா நின்றா, வைத்தோம். முதலில் அத்தான் தனியே ஒரு சுற்று, பிறகு மகள் தனியே, அதன் பிறகுதான் இருவரும். அந்த மேட்டில் வண்டி நடக்கும் வேகத்தில், ஆனால் நிற்காமல் ஏறியது. மேலே போய்த் திரும்பி வரும்போது அத்தான் ஏதோ சொல்லிக் கத்துவது கேட்டது. என்ன என்று ஓடினேன். பாடிக்கொண்டு வருகிறார். முதல் இரண்டு மணித்தியாலத்தில் செயின் நீளும், திரும்ப இறுக்க வேண்டும். எல்லா ஆணிகளையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்க வேண்டும். இரண்டு ஆணி தளர்ந்திருந்தது.

செலவைச் சொல்லாவிட்டால் நான் கணக்காளன் இல்லை. குழாய், கம்பி, கப்பித் தொகுதி, அச்சு, சில்லு, பிரேக், பட்டி, பெயின்ற் எல்லாம் சேர்த்து 2,870 டொலர். இயந்திரம் இனாம். வெல்டிங் மெஷின் அத்தானுடையது, அதைச் சேர்க்கவில்லை. இவர்களின் நேரத்துக்கு மணிக்கூலி போட்டால் இதைவிட நல்ல வண்டி இரண்டு வாங்கலாம். மலிவு என்று நினைத்து ஒருவரும் இதில் இறங்க வேண்டாம்.

இன்னொன்று. இதை வீதியிலோ பூங்காவிலோ ஆற்றங்கரையிலோ இறக்கக் கூடாது. பதிவு செய்யாத வாகனம், பதிவு செய்யவும் முடியாது. தண்டம் வரும். தனியார் காணியில், உரிமையாளரின் சம்மதத்தோடு மட்டும். அந்தக் காணியின் காப்புறுதியில் இப்படியான வாகனத்துக்கு இடம் இருக்கிறதா என்று பத்திரத்தை எழுத்துக்கு எழுத்து வாசியுங்கள். நண்பர்தானே என்று விடாதீர்கள். விபத்து நடந்தால் நட்பும் போய் வீடும் போகலாம். நாங்கள் எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகுதான் ரெயிலரைக் கொழுவினோம்.

நம்மவர் மத்தியில் இதற்கு என்ன பேச்சு வந்தது என்று நீங்கள் கேட்கவே தேவையில்லை. பொம்பிளைப் பிள்ளைக்கு வெல்டிங் எதற்கு என்று கோவில் வாசலில் என் மனைவியைக் கேட்டார்கள். கையில் தழும்பு வந்தால் நாளைக்கு யார் பார்ப்பது என்றும் கேட்டார்கள். மகளின் இடது மணிக்கட்டில் ஒரு சின்னத் தழும்பு இருக்கிறது, உண்மைதான். கராஜ்காரன் என்ற சொல்லை நாங்கள் ஊரில் எந்தத் தொனியில் சொன்னோமோ அதே தொனியில் இங்கேயும் சொல்கிறோம். 19 வருடம் வெல்டிங் செய்து வீட்டுக் கடனை முடித்து, இரண்டு பிள்ளைகளைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிய மனிதர் அத்தான். அவருடைய பிள்ளைகள் இரண்டு பேரும் ஒரு நாளும் அவரிடம் ஒரு ஆணி இறுக்கக் கற்கவில்லை. கற்க வேண்டாம் என்று சொன்னதும் அவர்தான்.

இப்போது மகள் ஒரு படிவத்தைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்திருக்கிறாள். விக்ரோறியாவில் 2023இல் இருந்து உயர்தர வகுப்பிலேயே தொழிற்கல்விப் பிரிவு ஒன்று இருக்கிறது. அதில் சேர்ந்து, உலோக வேலையில் தொழில் பயில வேண்டும் என்கிறாள். கணிதத்தில் நல்ல புள்ளி எடுக்கும் பிள்ளை. என் மனைவி வேண்டாம் என்கிறா. நான் இரண்டு பக்கமும் கோடு போட்டு எழுதிப் பார்த்தேன். சம்பளம், கடன், வருடங்கள், எல்லாம். எண்கள் அவள் பக்கம்தான் நிற்கின்றன. ஆனாலும் பேனையை இன்னும் எடுக்கவில்லை. அத்தானிடம் கேட்டேன். "அவளிட்டைக் கேள்" என்றுவிட்டு வண்டிக்குக் கீழே போய்விட்டார். படிவம் கொடுக்க ஓகஸ்ட் வரை நேரம் இருக்கிறது.

வண்டியைப் பார்க்க விரும்பும் குடும்பங்கள் இந்த மாதம் கடைசி ஞாயிறு காலை 10 மணிக்கு வரலாம். நிலையத்துக்குத் தொலைபேசி எடுத்தால் விலாசம் தருவார்கள். தலைமுடி கட்டி, மூடிய சப்பாத்துப் போட்டு வந்த பிள்ளைகளைத்தான் அத்தான் ஏற்றுவார். செருப்போடு வந்தால் வேலிக்கு வெளியே நின்று பார்க்கலாம், மனைவி வடை சுடுவதாகச் சொல்லியிருக்கிறா.